வலையில் நிற்காத உயிர்கள்

இரண்டு சோதனைக் குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தேன். ஒன்றில் நல்ல பச்சை. மற்றொன்றில், பச்சை என்று சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கும் அளவுக்கு ஒரு சாயல். இரண்டும் ஒரே ஏரியில், ஒரே காலையில், ஒரே வாளியில் மொண்ட தண்ணீரிலிருந்து வந்தவை.

என் முதுகலை ஆய்வின் நான்காவது மாதம் அது. மாதம் ஒரு முறை படகில் போய், ஏரியின் நடுவில் நிறுத்தி, 64 மைக்ரான் கண் அளவுள்ள கூம்பு வலையில் தண்ணீரை வடிப்பேன் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வலையின் அடிக்குப்பியில் சேர்வதை அயோடின் கரைசல் சேர்த்து எடுத்துவந்து எண்ணுவேன். பாடப்புத்தகத்தில் அவற்றுக்கு மிதவை உயிரிகள் என்று பெயர். ஆய்வகத்தில் பிளாங்க்டன் என்றே சொல்வோம். வலையைத் தாண்டி வெளியே வரும் தண்ணீர்? அது படகின் ஓரமாக ஏரிக்கே திரும்பிப் போய்விடும். அதைப் பற்றி நான் ஒரு நொடிகூட யோசித்ததில்லை.

"உன் வலை எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிடம்மா" என்று பேராசிரியர் சொன்னதால்தான் அந்த இரண்டு குழாய்களும். வாளித் தண்ணீரில் ஒரு லிட்டரை வலையில் ஊற்றி, நின்றதை மட்டும் கண்ணாடியிழை வடிதாளில் சேர்த்தேன். இன்னொரு லிட்டரை வலையே இல்லாமல் நேராக வடிதாளில் வடித்தேன். இரண்டு தாள்களையும் அசிட்டோனில் ஊறப்போட்டு, இருட்டில், குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் பச்சையம் கரைந்து வரும். பச்சை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு தாவர மிதவைகள். காலையில் பார்த்தால் வலையில் நின்ற பங்கு ஏறக்குறைய நிறமற்று இருக்கிறது. ஒட்டுச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி செய்தேன். மூன்றாம் முறையும் செய்தேன். அதே முடிவு. அந்த ஏரியின் பச்சையில் பாதிக்கு மேல் என் வலையில் நிற்கவே இல்லை. நான்கு மாதமாக அதைத்தான் படகிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வலையில் நிற்பவை ஒன்றும் அற்பமானவை அல்ல. அவற்றைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்குள் வந்தேன். சக்கரம் போல அடுக்கடுக்காக அறைகள் வைத்த பெடியாஸ்ட்ரம், கொம்பு முளைத்த செரேஷியம், தலையில் ஒரு கண்ணும் உள்ளே துடிக்கும் இதயமும் வெளியே தெரியும்படி கண்ணாடி உடம்போடு தத்தும் நீர்த்தெள்ளு, முன்முனையில் சுழலும் மயிரிழை வளையத்தால் இரையை வாய்க்கு இழுக்கும் ரோட்டிஃபர்கள். ஒரு மில்லிலிட்டர் கொள்ளும் எண்ணும் தகட்டில் ஆயிரம் சதுரங்கள் இருக்கும். ஒவ்வொரு சதுரமாக நகர்த்தி எண்ணி முடிப்பதற்குள் மதியம் போய்விடும். ஆனால் அந்தக் குழாய்களைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு சதுரத்திலும் எதையோ விட்டுவிட்டு எண்ணுகிறோம் என்ற நினைப்பு கூடவே வந்தது.

அளவைச் சொன்னால் புரியும். ஏரியிலும் கடலிலும் வாழும் பாக்டீரியா பெரும்பாலும் அரை மைக்ரான் அளவில்தான் இருக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டாயிரத்தை வரிசையாக அடுக்கலாம். என் வலைக்கண் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் பெரியது. கொசுவைப் பிடிக்க ஜன்னலை விரியத் திறந்துவைத்துக் காத்திருந்தால் எப்படியோ, அப்படித்தான்.

இந்தச் சிக்கலை நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் கண்டிருக்கிறார் என்று பிறகுதான் படித்தேன். 'பிளாங்க்டன்' என்ற சொல்லை 1887இல் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான விக்டர் ஹென்சன். அலைந்து திரிவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. மாவு சலிக்கும் ஆலைகளில் பயன்பட்ட மெல்லிய பட்டுத் துணிதான் அன்றைய வலை. ஹென்சனின் வழியில் வந்த ஹன்ஸ் லோமான், அந்தப் பட்டு வலையில் எது தப்புகிறது என்று கேட்டார். விடை தேடி அவர் போன இடம் என்னை இன்றும் சிலிர்க்க வைக்கிறது. கடலில் அப்பெண்டிகுலேரியா என்று ஒரு சிறு விலங்கு உண்டு. வாலை அசைத்துக்கொண்டு மிதக்கும். தன்னைச் சுற்றிச் சளியாலேயே ஒரு கூடு கட்டி, கூட்டுக்குள் மிக நுண்ணிய வடிகட்டி வைத்திருக்கும். தண்ணீரை அதன் வழியே செலுத்தி, வடிகட்டியில் சிக்குவதைத் தின்னும். அடைத்துக்கொண்டால் கூட்டை விட்டுவிட்டு வேறு கூடு கட்டும். லோமான் அந்தச் சளி வடிகட்டிகளில் சிக்கியிருந்ததை நுண்ணோக்கியில் பார்த்தார். பட்டு வலையில் ஒருபோதும் வராத உயிரிகள் அங்கே இருந்தன. மனிதன் நெய்த வலையைவிட அந்த விலங்கின் வலை நுணுக்கமானது. 1911இல் அவர் அந்தக் குறும் உயிரிகளுக்குக் குள்ளம் என்று பொருள்படும் 'நானோ' அடைமொழியைக் கொடுத்தார். இன்று 2 முதல் 20 மைக்ரான் வரை உள்ளவற்றை நானோ மிதவை என்றும், அதற்கும் கீழே 0.2 வரை உள்ளவற்றைப் பிக்கோ மிதவை என்றும் சொல்கிறோம்.

பாக்டீரியா விஷயத்தில் கண் திறக்க இன்னும் அறுபது வருடம் ஆனது. காரணம் சுலபம். பாக்டீரியாவை எண்ண வேண்டுமானால், அதை ஊட்டக் கூழ் பரப்பிய தட்டில் வளர்த்து, முளைக்கும் புள்ளிகளை எண்ணுவதுதான் வழக்கம். தண்ணீரில் வாழும் பாக்டீரியாவில் மிகப் பெரும்பான்மை அந்தத் தட்டில் வளர மறுக்கின்றன. நூற்றில் ஒன்று முளைத்தாலே அதிகம். முளைத்ததை மட்டும் எண்ணி, தண்ணீரில் பாக்டீரியா கொஞ்சம்தான் என்று எழுதிவைத்தார்கள். நான் வலையில் நின்றதை மட்டும் எண்ணியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

1977இல் ஜான் ஹாபியும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் தாள் போன்ற, 0.2 மைக்ரான் துளைகள் உள்ள தட்டையான வடிதாள். அதைக் கறுப்புச் சாயத்தில் தோய்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் உள்ள பாக்டீரியாவுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி அதன்மேல் வடித்துவிட்டு, சாயத்தை ஒளிரவைக்கும் ஃபுளோரசன்ஸ் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் சுமார் 10 லட்சம் என்று எண்ணிக்கை வந்தது. ஏரியோ கடலோ, வளமான தண்ணீரில் கூடும், வறண்டதில் குறையும். ஆனால் ஏறக்குறைய எங்கே மொண்டாலும் அந்த லட்சக் கணக்குதான்.

ஐந்தாவது மாதம் நானும் அதைப் பார்த்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஃபுளோரசன்ஸ் நுண்ணோக்கி கிடையாது. பேராசிரியர் வேறொரு துறையில் கேட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வாங்கித் தந்தார். அறையில் விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா விளக்கு சூடாகும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கவர்ஸ்லிப் மேல் ஒரு சொட்டு எண்ணெய். குவியத்தைத் திருகத் திருக, முதலில் கருமை. பிறகு சாம்பல் போல ஒரு மங்கல். அப்புறம் சட்டென்று நீலப் புள்ளிகள். புள்ளி, புள்ளி, காற்புள்ளி போல வளைந்தவை, இரண்டாகப் பிரிந்துகொண்டிருப்பவை. நடுவே கொஞ்சம் பெரிதாக, உட்கரு பளிச்சென்று தெரியும் ஒரு கசையிழை உயிரி. ஏரியில் நான் மொண்ட தண்ணீர்தான். கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் தெளிவாக இருக்கும் தண்ணீர். கொஞ்ச நேரம் எண்ணவே தோன்றவில்லை எனக்கு.

சரி, இத்தனை லட்சம் பாக்டீரியாவும் எதைத் தின்று வாழ்கின்றன?

பள்ளியில் படித்த உணவுச் சங்கிலி எல்லோருக்கும் நினைவிருக்கும். பாசி, பாசியைத் தின்னும் சிற்றுயிர், அதைத் தின்னும் சிறு மீன், சிறு மீனைத் தின்னும் பெரிய மீன். நடுவே அம்புக்குறிகள். பாக்டீரியாவுக்குப் பக்கத்தின் மூலையில் 'சிதைப்பவை' என்று ஒரு பெட்டி. எல்லாம் செத்த பிறகு வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறவை என்பது போல. அந்தப் படத்தின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாக்டீரியா சாவுக்காகக் காத்திருப்பதில்லை. உயிரோடு இருக்கும் பாசியே நாள் முழுக்கக் கசிந்துகொண்டிருக்கிறது. வெயில் இருக்கிறது, ஆனால் தண்ணீரில் நைட்ரஜனோ பாஸ்பரஸோ போதவில்லை என்றால், பாசியால் புதிய செல் கட்ட முடியாது. சர்க்கரையை மட்டும் தயாரித்துக்கொண்டே இருக்கும், மிஞ்சியது வெளியேறிக் கரைந்துவிடும். நீர்த்தெள்ளும் அதன் உறவினரான கோப்பிபாடுகளும் பாசியைக் கடிக்கும்போது சிந்துவது ஒரு பங்கு. அவற்றின் கழிவிலிருந்து ஊறி வருவது இன்னொரு பங்கு. ஏரியென்றால், கரையிலிருந்து விழும் இலைகள் ஊறிக் கொடுக்கும் பழுப்புச் சாறும் உண்டு. இப்படித் தண்ணீரில் கரைந்து கிடக்கும் கரிமப் பொருளை எந்த மீனாலும் தின்ன முடியாது. வாய் உள்ள எதற்கும் அது உணவே இல்லை. பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. உடம்பின் மேற்பரப்பு முழுவதும் உறிஞ்சும். பெரிய மூலக்கூறாக இருந்தால் நொதியை வெளியே விட்டு, அறுத்துச் சிறிதாக்கிக்கொள்ளும். கரைந்து காணாமல் போனதை மறுபடி ஓர் உடம்பாகத் திரட்டும் வேலையில் பெரும் பங்கு இவற்றுடையது.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் லாரன்ஸ் பொமராய்; கடலின் உணவு வலையைப் பற்றிய நம் எண்ணத்தையே மாற்ற வேண்டும் என்று 1974இல் எழுதினார். 1983இல் ஃபாரூக் ஆசம், டாம் ஃபென்ஷல் உள்ளிட்ட ஆறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை அதற்கு 'நுண்ணுயிர்ச் சுழல்' என்று பெயர் வைத்தது. ஒளிச்சேர்க்கையில் பிடிபடும் கரிமத்தில் 10 முதல் 50 விழுக்காடு வரை பாக்டீரியா வழியாகப் போகிறது என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கட்டுரையின் நகல் இப்போதும் என் மேசையில் இருக்கிறது. ஓரங்களில் என் பென்சில் குறிப்புகள் இருபது வருடத்தில் மங்கிவிட்டன.

பாக்டீரியா திரட்டியதை அப்புறம் யார் எடுத்துக்கொள்வது? கோப்பிபாடால் அரை மைக்ரான் இரையைப் பிடிக்க முடியாது. அந்த அளவில் தண்ணீரே தேன் போல இழுக்கும்; பக்கத்தில் கையை வீசினால் இரை தண்ணீரோடு சேர்ந்து விலகிப் போய்விடும். பிடிப்பதற்குக் கிட்டத்தட்ட அதே உலகத்தைச் சேர்ந்த ஒருவர் வேண்டும். அவர்கள்தான் கசையிழை உயிரிகள். மூன்று, நான்கு மைக்ரான் உடம்பு, சவுக்கு போல ஓர் இழை. அந்த இழையை அடித்து ஒரு நீரோட்டம் உண்டாக்கி, வருகிற பாக்டீரியாவை ஒவ்வொன்றாக விழுங்கும். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். பாக்டீரியா ஒன்று இரண்டாகப் பெருகிக்கொண்டே இருந்தும் எண்ணிக்கை மாதக்கணக்கில் அந்த 10 லட்சத்தைச் சுற்றியே நிற்பதற்கு இவை ஒரு முக்கியக் காரணம். கசையிழை உயிரிகளை, நுண்மயிர்களை அசைத்து இயங்கும் ஒருசெல் உயிரிகளான சிலியேட்டுகள் தின்னும், சிலியேட்டுகளைக் கோப்பிபாடுகளும் ரோட்டிஃபர்களும் தின்னும். அங்கே வந்து சுழல் பழைய சங்கிலியோடு சேர்கிறது. ஏரியில் ஒரு குறுக்கு வழியும் உண்டு: நீர்த்தெள்ளின் கால்மயிர் வடிகட்டி, ஓரளவு பாக்டீரியாவையே நேராக வடித்துவிடும். நீர்த்தெள்ளு மிகுந்த மாதங்களில் என் ஏரியில் கசையிழை உயிரிகள் அடியோடு சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அவற்றையும் சேர்த்தே அது வடித்துக்கொள்கிறது.

இத்தனை கை மாறி மேலே போவதில் மீனுக்கு எவ்வளவு மிஞ்சும்? ரொம்பக் கொஞ்சம். பாக்டீரியாவே தான் எடுத்ததில் பெரும் பகுதியை மூச்சாக விட்டுவிடுகிறது. பிறகு ஒவ்வொரு படியிலும் இழப்பு. அதனால் இந்தச் சுழல் மேலே கொண்டுபோகும் ஏணியா, விழுங்கிவிடும் கிணறா என்று 80களில் பெரிய விவாதமே நடந்தது. மீனுக்குப் போகும் கரிமத்தை மட்டும் அளந்தால் கிணறு என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் நான் ஏரிக்காரி. என் கண் பாஸ்பரஸ் மேலேயே இருக்கும். கோடையில் மேல்தண்ணீர் சூடாகி, கீழுள்ள குளிர்ந்த தண்ணீரோடு கலக்காமல் தனி அடுக்காக நிற்கும்போது, அடியிலிருந்து ஊட்டம் எதுவும் மேலே வராது. இருப்பதையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்த வேண்டும். பாக்டீரியா தன் உடம்பில் பாஸ்பரஸை அடர்த்தியாகச் சேர்த்துவைக்கும். அதைத் தின்னும் கசையிழை உயிரிக்கு அவ்வளவு தேவையில்லை. மிகுந்ததை வெளியே விட்டுவிடும். பக்கத்தில் உள்ள பாசி உடனே பிடித்துக்கொள்ளும். 1956இல் ஃபிராங்க் ரிக்ளர் கதிரியக்கப் பாஸ்பரஸை ஒரு ஏரித் தண்ணீரில் சேர்த்துப் பார்த்தபோது, கரைந்திருந்த பாஸ்பேட் முழுவதும் ஒருமுறை கைமாற எடுத்த நேரம் சில நிமிடங்கள்தான். நிமிடங்கள்! நாம் மாதம் ஒரு முறை போய் ஒரு குப்பி மொண்டு, 'பாஸ்பேட்: மிகக் குறைவு' என்று எழுதிவைக்கிறோம். குறைவாக இருப்பது இருப்புதான். ஓட்டம் அல்ல.

வைரஸ்களை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1989இல் நார்வேயின் பெர்கனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இயற்கை நீர்நிலைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 25 கோடி வரை வைரஸ் துகள்கள் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தாக்குபவை. பாக்டீரியா வெடித்தால் அதன் உள்ளடக்கம் தண்ணீரிலேயே கரைந்து, மற்ற பாக்டீரியாவுக்கு உணவாகிவிடும். சுழலுக்குள் இன்னொரு சுழல்.

அந்த வடிதாளில் தெரிந்த புள்ளிகள் எல்லாமே பிறர் கசியவிட்டதை உண்பவை அல்ல. சில புள்ளிகள், சாயமே ஏற்றாமல், பச்சை ஒளியில் தாமாகவே ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அவை ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா. கடலில் இவற்றின் உறவினர் ஒன்று, புரோக்ளோரோகாக்கஸ், வெறும் 0.6 மைக்ரான். 1980களின் நடுவில் சாலி சிஸ்ஹோமும் ராபர்ட் ஓல்சனும் செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அளக்கும் கருவியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனபோதுதான் அது அகப்பட்டது. 1988இல் உலகுக்கு அறிவித்தார்கள். பூமியில் எண்ணிக்கையில் மிக அதிகமான ஒளிச்சேர்க்கை உயிரி அதுதான் என்று கருதப்படுகிறது. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில் நடக்கிறது. அதில் கணிசமான பங்கைச் செய்யும் உயிரி, மனிதன் நிலவுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் நம் கண்ணில் பட்டது.

இதையெல்லாம் நீங்களே பார்க்க ஃபுளோரசன்ஸ் கருவி தேவையில்லை. என் ஜன்னலில் எப்போதும் ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கும். குளத்துத் தண்ணீர், அதில் ஒரு பிடி காய்ந்த புல். இரண்டாம், மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் கலங்கும், லேசாக நாறும். கொட்டிவிடாதீர்கள், அந்தக் கலங்கல்தான் பாக்டீரியா. புல்லிலிருந்து கரைந்து வந்ததை உடம்பாக்கிக்கொண்டிருக்கிறது. 400 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால், நடுங்கும் புள்ளிகளாகவே தெரியும். அவற்றின் மூச்சில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால், காற்று வேண்டிய உயிர்கள் மேற்பரப்பை ஒட்டிக் கூடும். அதனால் ஒரு சொட்டை எப்போதும் மேலிருந்தே எடுப்பேன். சில நாளில் கசையிழை உயிரிகள் வரும், குறுக்கும் நெடுக்குமாக நடுங்கிக்கொண்டே. அடுத்துச் சிலியேட்டுகள்: செருப்பு வடிவப் பாரமீசியம், பிறகு புல்தண்டில் காம்பூன்றி மணி போல விரிந்து, தொட்டால் சுருள்கம்பியாகச் சுருங்கும் வோர்ட்டிசெல்லா. இதற்குள் தண்ணீர் மெல்லத் தெளியத் தொடங்கியிருக்கும். வடிகட்டியது யார் என்று ஸ்லைடைப் பார்த்தால் தெரியும். இன்னும் பொறுத்தால் ரோட்டிஃபர்கள். இந்த வரிசை ஒவ்வொரு குடுவையிலும் கொஞ்சம் மாறும். ஒரு தடவை எனக்கு ரோட்டிஃபர் வரவே இல்லை. ஆனால் கலங்கித் தெளிவது மட்டும் தவறியதில்லை.

அந்த ஐந்தாவது மாதத்திலிருந்து படகில் கூடுதலாக ஒரு பழுப்புக் குப்பி எடுத்துப் போனேன். வாளியிலிருந்து நேராக, வலை இல்லாமல், கொஞ்சம் தண்ணீர். ஃபார்மலின் சில சொட்டு. மூடி, பனிக்கட்டிப் பெட்டிக்குள். இன்றும் அப்படித்தான் செய்கிறேன். என்னோடு வரும் பிள்ளைகளிடம் முதலில் அந்தக் குப்பியைத்தான் கொடுப்பேன், வலையை அப்புறம்.

என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. பதினான்கு மாதங்கள், பதினான்கு வரிசைகள். நீர்த்தெள்ளு, கோப்பிபாடு, ரோட்டிஃபர், டயட்டம் என்று எல்லாப் பத்தியும் நிரம்பியிருக்கும். கடைசிப் பத்தி பாக்டீரியா. அதில் ஐந்தாவது மாதம் முதல் எண்கள் உண்டு. அதற்கு மேலே நான்கு கட்டங்களில் சிறு கோடு மட்டும் போட்டிருக்கிறேன். அந்த நான்கு மாதத் தண்ணீரும் அன்றே ஏரிக்குப் போய்விட்டது.